அபர்வான்: பிள்ளைகளைப் புதைத்த ஊர் ஏன் பாடியது?

மாலைநேரம் எழுதியது:

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. வேல்ஸ் நாட்டில் அபர்வான் என்றொரு நிலக்கரிச் சுரங்க ஊர். காலை 9.15 வாக்கில், மலைமேல் கொட்டி வைத்திருந்த சுரங்கக் கழிவு மேடு ஒன்று சரிந்து, கருஞ்சேறாக இறங்கி, பான்ட்கிளாஸ் தொடக்கப் பள்ளியையும் பக்கத்து வீடுகளையும் மூடியது. 144 பேர் இறந்தார்கள். அதில் 116 பேர் பிள்ளைகள். அன்றோடு அவர்களுக்கு அரைப்பருவ விடுமுறை தொடங்க இருந்தது.

சுரங்கத்தில் வேலையாயிருந்த தகப்பன்கள் தலைவிளக்கோடு ஓடி வந்து கையாலும் மண்வெட்டியாலும் தோண்டினார்கள். அவ்வப்போது விசில் ஊதப்படும். உடனே எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு, உள்ளே ஏதாவது குரல் கேட்கிறதா என்று காது கொடுப்பார்கள். காலை 11 மணிக்குப் பிறகு ஒருவரைக்கூட உயிரோடு எடுக்க முடியவில்லை.

இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு விஷயம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் துயரத்துக்குப் பின் அந்த ஊர் ஆண்கள் ஒன்றுசேர்ந்து ஒரு பாடகர் குழு தொடங்கினார்கள். இனிசோவன் ஆண்கள் பாடகர் குழு என்று பெயர். துயரத்துக்குப் பின் கூடிப் பேசிய கூட்டங்களிலிருந்து பிறந்த குழு அது. உலகம் முழுவதிலுமிருந்து உதவி அனுப்பியவர்களுக்குப் பாட்டால் நன்றி சொல்வது, தர்ம காரியங்களுக்குப் பாடிப் பணம் திரட்டுவது என்று அப்படியே வளர்ந்தது.

அழுவதற்குக்கூட வெட்கப்படும்படி வளர்க்கப்பட்ட சுரங்கத் தொழிலாளிகள் இவர்கள். வீட்டில் பிள்ளையின் பெயரை எடுத்தாலே பேச்சு நின்றுவிடும். அவர்கள் வாரா வாரம் ஓர் அறையில் நின்று வாய் திறந்து பாடியிருக்கிறார்கள். துக்கத்தைப் பற்றிப் பாடினார்கள் என்றுகூட இல்லை, ஏதோ ஒரு பாட்டு. பக்கத்தில் நிற்பவன் யார், அவன் வீட்டில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

பாட்டைக் கேட்பதைவிடச் சேர்ந்து பாடுவதுதான் துக்கத்துக்கு மருந்து என்று நான் நினைக்கிறேன். உங்களுக்கு எப்படிப் படுகிறது?

பாளை டெனர் எழுதியது:

பாளையங்கோட்டையில் சர்ச் பாடகர் குழுவில் டெனர், அதாவது ஆண்களின் உயர்ந்த குரல், பாடுகிறவன் நான். அதனால் இதில் கொஞ்சம் பேசத் தெரியும்.

அக்டோபர் 27 அன்று பிரின்டாஃப் கல்லறைத் தோட்டத்தில் பெரிய அடக்க ஆராதனை நடந்தது. 81 பிள்ளைகளை அன்று ஒரே சமயத்தில் அடக்கம் செய்தார்கள். மலைச்சரிவில் மலர்வளையங்களையே அடுக்கிப் பெரிய சிலுவை ஒன்று செய்திருந்தார்கள். அங்கே கூட்டம் பாடியது சார்லஸ் வெஸ்லி எழுதிய பழைய ஞானப்பாட்டு, “ஜீசஸ் லவர் ஆஃப் மை சோல்”. நாங்களும் ஆங்கில ஆராதனைகளில் பாடுவதுதான். மெட்டின் பெயர் ‘அபெரிஸ்ட்வித்’. மெட்டமைத்த ஜோசப் பாரி, அபர்வானுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மெர்த்தர் டிட்விலில் பிறந்தவர். அந்த ஊர்க்காரர்களுக்கு அது தங்கள் மண்ணின் மெட்டு.

பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சோகச் சாயல் கொண்ட மைனர் ஸ்கேலில் அமைந்தது. தாழ்ந்த சுரத்தில், ஏறக்குறைய முணுமுணுப்பாகத் தொடங்கும். வரி வரியாக ஏறும். கடைசிப் பகுதியில்தான் குரலை முழுசாகத் திறந்துவிட இடம் கிடைக்கும். தொண்டை அடைத்திருப்பவனால்கூடத் தொடங்க முடிகிற மெட்டு. மேலே போகும்போது நம் குரல் உடைந்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் இருப்பவர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பாடுகிறவர்கள் நாலு பிரிவாகப் பிரிந்து ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரத்தில் பாடுகிற நாலு குரல் இசையில் இது ஒரு பெரிய சௌகரியம். ஒருவர் நிறுத்தினாலும் பாட்டு நிற்காது.

சொற்களையும் பாருங்கள். வெள்ளம் புரள்கிறது, புயல் ஓயவில்லை, அது கடந்துபோகும்வரை என்னை மறைத்துக்கொள் என்று கேட்கிற பாட்டு. மலையிலிருந்து இறங்கிய சேற்று வெள்ளத்தில் பிள்ளையைக் கொடுத்தவர்கள் அதைப் பாடியிருக்கிறார்கள். 1740-ல் அச்சான வரிகள் அவர்களுக்காகவே எழுதியதுபோல் ஆகிவிட்டன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேல்ஸ் சுரங்க ஊர்களில் சேப்பல் என்பது வெறும் ஜெபக்கூடம் இல்லை. ச-ரி-க-ம போன்ற எளிய சுரக் குறிப்பை வைத்துக்கொண்டு, எழுதப் படிக்கச் சிரமப்பட்டவர்கள்கூட அங்கே நாலு குரலில் பாடப் பழகினார்கள். அபர்வானில் இருந்த பெத்தானியா சேப்பலைத்தான் அந்த நாட்களில் பிணவறையாக ஆக்கினார்கள். பெற்றோர் வெளியே வரிசையில் நின்று, ஒவ்வொருவராக உள்ளே போய், போர்வையை விலக்கிப் பார்த்து அடையாளம் சொன்னார்கள். பிறகு அந்தக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். பாடிப் பழகிய இடமே அப்படி ஆன பிறகும் அவர்கள் பாட்டைக் கைவிடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நெய்வேலிக்காரன் எழுதியது:

இரண்டு பதிவுகளும் நன்றாக இருக்கின்றன. ஆனால் எனக்கு ஓர் ஆட்சேபம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். எங்கள் ஊரில் பழுப்பு நிலக்கரிக்கு அடியிலிருந்து நிலத்தடி நீர் அழுத்தத்தோடு மேலே வரும், அதை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுரங்கத்தில் முதல் எதிரி தண்ணீர்தான் என்று எங்களுக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுப்பார்கள். அபர்வானில் 7-ம் எண் மேட்டை 1958-ல் கொட்டத் தொடங்கியது எங்கே தெரியுமா? ஊற்றின் மேல். அந்த ஊற்று வரைபடத்திலேயே இருந்தது. அதன் மேல் நிலக்கரியைச் சலித்து வடித்த நுண்துகள் கழிவையும் கொட்டினார்கள். அது நனைந்தால் சேறாகி ஓடும். பள்ளிக்கு மேலே இப்படிக் கொட்டுகிறார்களே என்று விபத்துக்கு முன்பே உள்ளூரிலிருந்து கடிதங்கள் போயிருந்தன.

விசாரணை ஆணையம் 1967 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. பழி முழுக்க, சுரங்கங்களை நடத்திய அரசு நிறுவனமான தேசிய நிலக்கரி வாரியத்தின் மேல்தான் என்று தெளிவாக எழுதியது. ஒருவருக்கும் தண்டனை இல்லை. ஒருவருக்கும் வேலை போகவில்லை. ஒரு பிள்ளைக்கு 500 பவுண்டு கொடுத்தார்கள்.

அதோடு விட்டார்களா? மிச்ச மேடுகளை அகற்று என்று ஊர் மன்றாடியது. ஊர்க்காரர்கள் கார்டிஃபில் இருந்த அரசு அலுவலகத்துக்கே போய்ச் சேற்றைக் கொட்டினார்கள். கடைசியில் அகற்றச் சம்மதித்த அரசு, செலவில் 1,50,000 பவுண்டை, உலக மக்கள் அந்தக் குடும்பங்களுக்காக அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே எடுத்தது. 1997-ல்தான் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள், அதுவும் வட்டி இல்லாமல்.

மரண விசாரணையில் ஒரு பிள்ளையின் பெயரை வாசித்து, இறப்புக்கு மூச்சுத் திணறலும் காயங்களும் காரணம் என்றபோது தகப்பன் எழுந்து, “இல்லை ஐயா, தேசிய நிலக்கரி வாரியத்தால் உயிரோடு புதைக்கப்பட்டது என்று எழுதுங்கள்” என்றார்.

எனக்கு அந்த ஒரு வாக்கியம் எந்த ஞானப்பாட்டையும்விடப் பெரிது. “என்னை மறைத்துக்கொள்” என்று பாடுகிற கூட்டம் அதிகாரத்துக்கு மிகவும் வசதியானது. துக்கப் பாட்டு கோபத்தை ஆற்றிவிடும் என்றால் அப்படிப்பட்ட ஆறுதல் யாருக்கு லாபம்?

சுருதி எழுதியது:

நெய்வேலிக்காரன் அண்ணா சொன்னதைப் படித்ததும் ஒரு கேள்வி. அந்தக் கோபத்தைப் பாடிய பாட்டே இல்லையா? எல்லாமே ஆறுதல் பாட்டுதானா?

பழைய ரேடியோ எழுதியது:

இருக்கிறது. நல்ல பாட்டு.

லியான் ராசல்சன் என்ற ஆங்கிலேயப் பாடலாசிரியர் அபர்வானை மனதில் வைத்து எழுதிய “பேலசஸ் ஆஃப் கோல்டு”. அதில் அபர்வான் என்ற பெயரே வராது. மண் சரிந்தது, பிள்ளைகள் செத்தார்கள் என்றுகூட வராது. கம்பெனி இயக்குநர்களின் மகன்களும் நீதிபதிகளின் மகள்களும் இப்படிப்பட்ட பள்ளிகளில் படிக்க வேண்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று மட்டும் கேட்பார். பணத்துக்குப் பஞ்சம் வந்திருக்காது, பொன் மாளிகைகளே எழும்பியிருக்கும் என்று போகும். ஆங்கில நாட்டுப்புறப் பாடகர் மார்ட்டின் கார்த்தி பாடிய பதிவு கிடைத்தால் கேளுங்கள். குரல் உயரவே உயராது, குற்றச்சாட்டு மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

இதற்கு நேர் எதிரான ஒன்று, 1967-ல் பீ ஜீஸ் குழுவை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய “நியூயார்க் மைனிங் டிசாஸ்டர் 1941”. அப்படி ஒரு விபத்தே நியூயார்க்கில் நடக்கவில்லை. அபர்வான் செய்தியின் தாக்கத்தில், இருட்டான ஒரு மாடிப்படியில் உட்கார்ந்து, அங்கே குரல் எதிரொலிக்க எழுதியதாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள். சுரங்கத்துக்குள் சிக்கிய ஒருவன், கூட இருப்பவனிடம் மனைவியின் படத்தைக் காட்டிப் பேசுகிற பாட்டு. கோடிக்கணக்கானவர்கள் கேட்டார்கள். எத்தனை பேருக்கு அபர்வான் தெரிந்தது? வெகு சிலருக்கு. நல்ல பாட்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நினைவு என்று பார்த்தால் அது எதையும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. இடத்தை மாற்றி, ஆண்டை மாற்றி, பிள்ளைகளை எடுத்துவிட்டார்கள். துயரத்தின் மனநிலை மட்டும் மிஞ்சியது.

ராசல்சன் பாட்டிலும் ஊர்ப்பெயர் இல்லைதான், ஆனால் குற்றம் அப்படியே நிற்கிறது. அதனால் அது வேறு ஏதாவது ஊரில் வேறு ஏதாவது பள்ளி இடியும்போதும் பாடத் தகுந்ததாக இருக்கிறது.

மாலைநேரம் எழுதியது:

நெய்வேலிக்காரன் ஐயாவுக்கு: நீங்கள் சொன்ன அந்தத் தகப்பனையும் கல்லறையில் பாடிய கூட்டத்தையும் நான் தனித்தனியாகப் பார்க்கவில்லை. அலுவலகத்தில் சேற்றைக் கொட்டியவர்களும், ஞாயிற்றுக்கிழமை சேப்பலில் பாடியவர்களும் ஒரே ஊர்தானே. முப்பது வருஷம் விடாமல் நிதிக்காகச் சண்டை போட்ட ஊர், பாட்டால் கோபம் ஆறிப்போன ஊராக எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருஷம் சண்டை போடத் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது என்பதில் பாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்கிறேன்.

உயிர் பிழைத்த பிள்ளைகளின் கதையையும் பாருங்கள். அவர்கள் தெருவில் விளையாடவே தயங்கினார்கள். பிள்ளையை இழந்த வீட்டார் ஜன்னலில் பார்த்தால் மனசு வெந்துபோகுமே என்று. பிழைத்தோமே என்ற குற்ற உணர்வு பலருக்கும் வயதான பிறகும் போகவில்லை. ஒரு தெருவுக்குள்ளேயே இழந்த வீடு, இழக்காத வீடு என்று மௌனம் விழுந்துவிட்டது. இந்த இரண்டு வீட்டு ஆட்களும் ஒரே வரிசையில் நின்று ஒரே வரியைப் பாட முடிந்தது என்றால் அது சின்ன விஷயமில்லை. பேச்சால் அதைச் செய்ய முடியவில்லை.

நெய்வேலிக்காரன் எழுதியது:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. கோபமும் அழுகையும் ஒரே ஊரில் இருக்கலாம், சரி.

அப்படியானால் சுரங்கக்காரர்களின் இன்னொரு பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். அதில் சொல்லே கிடையாது. 1934 செப்டம்பர் 22, வடக்கு வேல்ஸில் ரெக்ஸ்ஹாம் பக்கம் கிரெஸ்ஃபோர்டு சுரங்கத்தில் வெடிப்பு. 266 பேர் இறந்தார்கள். சனிக்கிழமை கால்பந்து ஆட்டம் பார்க்கலாம் என்று ஷிஃப்ட் மாற்றிக்கொண்டும் சேர்த்துப் பார்த்தும் வெள்ளி இரவு இறங்கியவர்கள் அதில் நிறையப் பேர். தீ அடங்கவில்லை என்று சுரங்க வாயை மூடி விட்டார்கள். பெரும்பாலான உடல்கள் வெளியே வரவே இல்லை, இன்றைக்கும் அடியில்தான். பிறகு நடந்த வழக்கில் கம்பெனிக்கு விதித்த அபராதம் 140 பவுண்டு.

வடகிழக்கு இங்கிலாந்தின் ஹெப்பர்ன் ஊரில் ராபர்ட் செயின்ட் என்றொரு சுரங்கத் தொழிலாளி, பேண்டு வாசிக்கிறவர். அவர் இதற்காகப் பித்தளை வாத்தியங்களுக்கு ஒரு மெட்டு எழுதினார். பெயர் ‘கிரெஸ்ஃபோர்டு’. சுரங்கத் தொழிலாளர் கீதம் என்றே அதைச் சொல்வார்கள். ஆண்டுதோறும் ஜூலையில் டர்ஹாம் நகரில் சுரங்கத் தொழிலாளர் பெருவிழா நடக்கும். தொழிற்சங்கக் கொடிகள் பேண்டோடு ஊர்வலமாக வரும். அந்த ஆண்டு ஆளைப் பறிகொடுத்த சங்கத்தின் கொடியில் கறுப்புத் துணி சுற்றியிருக்கும். கூத்தும் கும்மாளமுமாக இருக்கிற கூட்டம், ‘கிரெஸ்ஃபோர்டு’ தொடங்கினால் அப்படியே எழுந்து நின்றுவிடும்.

பாளை டெனர் தம்பி ஞானப்பாட்டின் வரிகளைப் பற்றிச் சொன்னார். எனக்குப் பிடித்தது இந்த வரியில்லாத மெட்டு. கடவுளை நம்புகிறவனும் நம்பாதவனும் நிற்கலாம். கம்யூனிஸ்டும் நிற்கலாம், பாதிரியாரும் நிற்கலாம். இங்கிலாந்தில் ஆழமான நிலக்கரிச் சுரங்கங்கள் எல்லாம் மூடியாகிவிட்டன, 2015 டிசம்பரில் கடைசிச் சுரங்கமும் போய்விட்டது. ஆனாலும் அந்த மெட்டை வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

குடந்தை வாசகி எழுதியது:

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்துவருகிறேன். கும்பகோணத்துக்காரி எழுதாமல் இருக்க முடியாது.

2004 ஜூலை 16. காசிராமன் தெருப் பள்ளி. சத்துணவுக் கூடத்துத் தீ கூரைக்குத் தாவி, மாடியில் இருந்த வகுப்புகளைப் பிடித்தது. 94 பிள்ளைகள். அங்கே மலை, இங்கே கீற்றுக்கொட்டகை. ஆபத்து தலைக்கு மேலேயே இருந்தது, பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை. பழைய ரேடியோ சொன்ன அந்தப் பாட்டின் கேள்வி இங்கேயும் அச்சு அசலாகப் பொருந்தும். யாருடைய பிள்ளைகள் அந்தக் கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள்?

ஒவ்வொரு ஜூலை 16-க்கும் பெற்றோர் பள்ளி முன்னால் கூடுவார்கள். பிள்ளைகளின் படங்களுக்கு மாலை போட்டு, அவர்களுக்குப் பிடித்த தின்பண்டத்தைப் படைப்பார்கள். சாயங்காலம் விளக்கு ஏந்தி மகாமகக் குளம் வரைக்கும் ஊர்வலம். நான் போய் நின்ற ஆண்டுகளில் பார்த்ததெல்லாம் பூ, படம், விளக்கு, பெயர் சொல்லி அழுகிற தாய்மார்கள். எல்லோரும் சேர்ந்து பாட ஒரு பாட்டு இருக்கவில்லை. அந்த வருஷம் பத்திரிகைகளில் கவிதைகள் நிறைய வந்தன, ஆனால் அவை வெளியிலிருந்து எழுதியவை. ஒரு தாயும் அதை வாயில் எடுத்துப் பாடிக் கேட்டதில்லை.

மாலைநேரம், நீங்கள் சேர்ந்து பாடுவதுதான் மருந்து என்கிறீர்கள். வேல்ஸ்காரர்களுக்குப் பிள்ளைகள் சாவதற்கு முன்பே நாலு குரலில் பாடத் தெரிந்திருந்தது. அந்தப் பழக்கம் இல்லாத ஊர் என்ன செய்யும்? துக்கம் வந்த பிறகு பாட்டு கற்றுக்கொள்ள முடியுமா?

சுருதி எழுதியது:

வாசகி அக்கா, நமக்குப் பழக்கம் இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தாய்மார்கள் பெயர் சொல்லி அழுததாகச் சொன்னீர்களே, அதிலேயே பாதிப் பாட்டு இருக்கிறது.

எங்கள் அப்பத்தா சிவகங்கைப் பக்கம். சுற்றுப்பட்டில் எந்த இழவுக்கும் அவரை எதிர்பார்த்திருப்பார்கள். ஒப்பாரி சொல்கிறவர் அவர். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் கட்டிக்கொண்டு, ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் இழுப்பார்கள். அதில் செத்தவரின் அருமை பெருமை மட்டுமா வரும்? அண்ணன் சீர் செய்யாதது வரும், மாமியார் சோறு போடாதது வரும், வைத்தியம் பார்க்காமல் விட்டவனுக்குச் சாபம் வரும். சம்பந்தப்பட்ட ஆள் அங்கேயே துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒப்பாரியில் சொன்னதற்கு யாரும் சண்டைக்கு வரக் கூடாது என்பது ஊர் வழக்கம்.

நெய்வேலிக்காரன் அண்ணா ஞானப்பாட்டையும் அந்தத் தகப்பன் சொன்ன வாக்கியத்தையும் எதிரெதிரே வைத்தார். அப்பத்தா சொன்ன ஒப்பாரியில் இரண்டும் ஒரே மூச்சில் வரும். “உயிரோடு புதைத்தீர்களே” என்பது அச்சாக ஒப்பாரி வரிதான்.

ஆனால் அது வீட்டுத் துக்கத்துக்கு உண்டானது, பதினாறு நாளோடு முடிந்துவிடும். வருஷா வருஷம் ஊரே நின்று சொல்வதற்கு அதில் வடிவம் இல்லை. அப்பத்தா பாடியது அவரோடு போய்விட்டது, நாங்கள் யாரும் கற்றுக்கொள்ளவில்லை. படித்த வீட்டுக்கு ஒப்பாரி அழகில்லை என்று எங்கள் அப்பாவே நிறுத்தச் சொல்லியிருக்கிறார். அதை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது.

பாளை டெனர் எழுதியது:

சுருதி எழுதியது அருமை. ஆண்கள் அழ வேல்ஸில் பாடகர் குழு இருந்தது. நம் ஊரில் பெண்களுக்கு ஒப்பாரி இருந்தது, ஆண்கள் வெளியே பந்தலில் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கும்பகோணத்தில் அந்தத் தகப்பன்கள் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பழைய ரேடியோ எழுதியது:

வெளியிலிருந்து எழுதிய பாட்டு ஒட்டாது என்று வாசகி சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு சொல்லலாமா? அபர்வானின் ஐம்பதாம் ஆண்டுக்காகக் கார்ல் ஜென்கின்ஸ் “கான்டாட்டா மெமோரியா” என்ற பெரிய இசைப்படைப்பு எழுதினார். சொற்கள் மெரரிட் ஹாப்வுட். 2016 அக்டோபர் 8 அன்று கார்டிஃபில் முதல் அரங்கேற்றம், பாடியவர்களில் வேல்ஸின் புகழ்பெற்ற ஆபராப் பாடகர் பிரின் டெர்ஃபலும் உண்டு. முதல் பாதி இருட்டு, அந்த நாள், அந்த மண். பிறகு மெல்ல வெளிச்சத்துக்கு வரும், பிள்ளைகளின் விளையாட்டும் சிரிப்பும். பெரிய பாடகர் குழுவோடு சிறுவர் குழுவும் பாடும்.

நானும் முதலில் தயங்கினேன். டிக்கெட் வாங்கி உட்கார்ந்து கேட்கிற துக்கம் எப்படி இருக்குமோ என்று. ஆனால் ஜென்கின்ஸும் ஹாப்வுட்டும் வேல்ஸ்காரர்கள், அந்தப் பாட்டு மரபுக்குள்ளேயே வளர்ந்தவர்கள். ஐம்பது வருஷத்தில் அந்தத் தாய் தகப்பன்களில் பலர் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பிறகு யார் சுமப்பது? அந்தப் பிள்ளைகளின் வயதுள்ள பிள்ளைகளை மேடையில் நிற்கவைத்துப் பாடவைத்ததில் அதற்குப் பதில் இருந்தது.

நெய்வேலிக்காரன் எழுதியது:

அதில் நிலக்கரி வாரியத்தின் பெயர் வருகிறதோ இல்லையோ, நிகழ்ச்சிக்கு முன் அச்சிட்டுக் கொடுக்கிற தாளிலாவது ஊற்றின் மேல் கழிவு கொட்டிய கதையை எழுதிக் கொடுக்க வேண்டும். பாடப்போகிற பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்த பிறகே பாடவைக்க வேண்டும். இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மாலைநேரம் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன் ஐயா.

வாசகி அக்கா, உங்கள் கேள்விக்கு: துக்கத்துக்குப் பிறகும் கற்றுக்கொள்ள முடியும் என்றுதான் நினைக்கிறேன். இனிசோவன் குழுவில் சேர்ந்தவர்கள் எல்லோரும் அதற்கு முன் மேடைப் பாடகர்களாக இருந்தவர்கள் இல்லை. பாட்டைவிட, வாரம் ஒரு நாள் இந்த நேரத்துக்கு இந்த இடத்துக்கு வா என்று கூப்பிட ஆள் இருந்ததுதான் முக்கியம். கும்பகோணத்தில் ஆண்டுக்கு ஒரு நாள் கூடுகிறார்கள், கூடும் இடம் இருக்கிறது, ஊர்வலம் போகிற பாதை இருக்கிறது. சுருதி சொல்கிற மாதிரி ஒப்பாரி தெரிந்த பாட்டிகள் இன்னும் அந்தத் தெருக்களில் இருப்பார்கள். எழுதித் தர வெளியாட்கள் வேண்டாம். அந்தத் தாய்மார்கள் ஏற்கெனவே சொல்லி அழுகிற வார்த்தைகளை, அவர்கள் சம்மதித்தால், யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் குறித்து வைக்கலாம்.

குடந்தை வாசகி எழுதியது:

அவர்கள் சம்மதித்தால் என்று சொன்னீர்களே, அதற்கு நன்றி. அங்கே மைக்கை நீட்டுகிறவர்கள் யாரும் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்த ஓர் அம்மா இருக்கிறார், மகனுக்கு அவரே கட்டிய வரிகளைச் சமையல் செய்யும்போது முணுமுணுப்பார். யார் முன்னாலும் பாட மாட்டார். ஊர் சேர்ந்து பாடினால் அவரும் வருவாரா, அல்லது அது அவருக்கு மட்டுமே உரியதா என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்டுப் பார்க்கிறேன். வேண்டாம் என்றால் வற்புறுத்த மாட்டேன், இங்கேயும் எழுத மாட்டேன்.